இடுப்பளவு

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கணுக்கால் அளவு: பத்து. முழங்கால் அளவு: ஐம்பது. இடுப்பளவு: தொண்ணூறு. மார்பளவு: நூற்று இருபது. கழுத்தளவு: நூற்று நாற்பது. எல்லாம் சென்டிமீட்டரில்.

வெள்ளம் வந்து போன இடங்களில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கேட்டால் யாரும் சென்டிமீட்டரில் சொல்வதில்லை. கையை உடம்பில் ஓரிடத்தில் வைத்துக் காட்டுவார்கள். அதை எண்ணாக மாற்றத்தான் அந்தத் தாள்.

ஆனால் தாளைக் கடைசி வழியாகத்தான் தொட வேண்டும். முதல் விதி வேறு. சொல்கிறவரைச் சுவரோரம் நிற்க வைத்து, கை இருக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளக்க வேண்டும். இடுப்பு ஆளுக்கு ஆள் வேறு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்வது நான்தான். "வார்த்தையை எழுதாதீங்க. ஆளை அளங்க."

அந்தக் கட்டடத்தின் கோப்பை மேலாளர் என் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"உனக்கு வேணாம்னா வேற யாருக்காவது குடுத்துடறேன்."

"பரவாயில்ல சார்."

பதினான்கு மாதங்களாக எல்லாவற்றுக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாடிக் கட்டடம். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமை அலுவலகமாக இருந்தது. நிறுவனம் மூடப்பட்டு, இப்போது ஒரு கல்லூரி வாங்கியிருக்கிறது. மாடிகளில் வகுப்பறைகள். தெருவைவிட அறுபது சென்டிமீட்டர் தாழ்ந்த கீழ்த்தளத்தில் படிப்பகம், இருநூறு நாற்காலி. அங்கே படிப்பகம் வைக்கலாமா கூடாதா என்பது என் அறிக்கையைப் பொறுத்திருந்தது. சரி என்று நான் கையெழுத்துப் போட்டால் இருநூறு பேர் அங்கே தலை குனிந்து படிப்பார்கள்.

என் மனைவி அந்தக் கீழ்த்தளத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தாள். அப்போது அது ஆவண அறை. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு மழையில் அங்கே தண்ணீர் புகுந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் இறந்தாள். எலிக் காய்ச்சல். அழுக்குத் தண்ணீரிலிருந்து வருவது என்றார்கள்.

முதலில் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்டார். "தண்ணியில நின்னாங்களா?"

"ஆமா. இடுப்பளவு."

"வாய்க்குள்ள போச்சா?"

"இல்ல டாக்டர். இடுப்பளவுதான்."

வேறு பதில் சொல்லியிருந்தால் வேறு மருந்து தந்திருப்பாரா, தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

நிறுவனம் விட்டுப்போன காகிதங்களில் அந்த நாளைப் பற்றி ஒரே வரி இருந்தது. 'கீழ்த்தளத்தில் சிறிதளவு நீர்த் தேக்கம்.' விற்பதற்கு முன் சுவருக்கு இரண்டு பூச்சு பெயின்ட் அடித்திருந்தார்கள். கறை எதுவும் இல்லை. அன்று வேலையில் இருந்தவர்களில் ஒருவர் மட்டும் மிச்சம். லிஃப்ட் இயக்குபவர். செங்கல், டைல்ஸ் ஏற்றுவதற்காகக் கல்லூரி அவரை வைத்துக்கொண்டிருந்தது. எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் "மேலயும் கீழயுமா போகுது" என்பார். அதனால் என் மனைவி அவருக்கு மேலேகீழே என்று பெயர் வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

முதல் நாள் அவரிடம் கேட்டேன். "அன்னிக்குத் தண்ணி எவ்வளவு நின்னுது?"

அவர் லிஃப்ட் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இடுப்பளவு சார்."

நான் அவரைச் சுவரோரம் நிற்க வைக்கவில்லை. தேவைப்படவில்லை. என் போனில் ஒரு படம் இருந்தது. அன்று மதியம் பன்னிரண்டு நாற்பத்து மூன்றுக்கு அவள் அனுப்பியது. வெள்ளைச் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். பெல்ட்டைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். சிரிக்கிறாள். தலைக்கு மேலே ஒரு வட்டக் கடிகாரம். கீழே அவள் எழுதியது: 'இடுப்பளவு தண்ணி. பயப்படாதீங்க. அஞ்சு மணிக்கு வந்துடுவேன்.'

அன்று நான் ஒரு சாலை வேலையில் இருந்தேன். லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சரி' என்று பதில் அனுப்பினேன். அவ்வளவுதான் அனுப்பினேன்.

இரண்டு சாட்சி, ஒரே வார்த்தை. தாளைப் பார்த்துத் தொண்ணூறு என்று எழுதினேன்.

கல்லூரியின் ஆர்க்கிடெக்ட் ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். எப்போதும் காதில் பென்சில். சரிவுப் பாதையின் தலைப்பில் தெருவிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடுப்புப் பலகை வைப்பது அவர் யோசனை. கீழ்த்தளத் தரையிலிருந்து பார்த்தால் நூற்றுப் பத்து. தண்ணீர் தொண்ணூறு.

"இருபது சென்டிமீட்டர் கையில இருக்கு சார். நிம்மதியாத் தூங்குவேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை செயலாளர் வராரு. அப்பவே கையெழுத்துப் போட்டுடலாமா?"

"போட்டுடலாம் மேடம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனி வந்தாள். கையில் இரண்டு பெரிய பைகள். மூன்று மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், அக்காவின் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. நானும் பரவாயில்ல பரவாயில்ல என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தவள் சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். இது வீடா மாமா, லாட்ஜா?"

நான் சிரிக்க முயன்றேன்.

"பேசினா முத்து உதிர்ந்துடுமா? சரி விடுங்க. பீரோ சாவி எங்க?"

"அதுலயே இருக்கு."

"பதினாலு மாசமாவா?"

அவள் சாவியைத் திருகினாள். கதவு இறுகியிருந்தது. தோளால் ஒரு தள்ளு தள்ளித் திறந்தாள். உள்ளிருந்து அந்த வாசனை வந்தது.

பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தாள். புடவைகள் ஒரு பை. சுடிதார்கள் ஒரு பை. ஆபீஸ் பேன்ட்டுகள் வந்தபோது ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்தாள்.

"இதை யாருக்கு மாமா குடுக்கறது? பத்து வயசுப் பொண்ணுக்குத்தான் சேரும்."

அவளுடைய எல்லாப் பேன்ட்டும் அடியில் ஒரு சாண் வெட்டித் தைத்தவை. வெட்டிய துணியில் இன்னொரு பேன்ட் தைத்துவிடலாம் என்று தையல்காரர் ஒருமுறை சொல்லிவிட்டு, அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். வீட்டில் அவளுக்குப் பெயரே அரைப்படி. உயரம் நூற்று நாற்பத்தேழு. கல்யாணப் பதிவில் அதை நூற்று ஐம்பது என்று போட்டுக்கொடுத்தவள் இந்த மைத்துனிதான். சுவரில் இருக்கும் கல்யாணப் படத்தில் அவள் என் காதுவரை வருவாள். புடவைக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது.

"அந்தப் பலகையத் தேடிக் கொண்டு வந்தது நான்தான், ஞாபகம் இருக்கா? போட்டோகிராபர் 'சிரிங்க'ன்னதும் சிரிச்சா பாருங்க, பலகை ஆடி உங்க மேலயே விழுந்தா."

"ஞாபகம் இருக்கு."

"அக்காவோட கடைசி போட்டோ எது மாமா? எனக்கு அனுப்புங்களேன். எங்கிட்ட இருக்கறதெல்லாம் பழசு."

அந்தப் படத்தை எடுத்து அவளிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு திடீரென்று சிரித்துவிட்டாள்.

"அடிப்பாவி! வெள்ளத்துலயும் ஏறிட்டாளா? அரைப்படிக்கு எங்க போனாலும் ஒரு மேடை வேணும்."

"என்ன சொல்ற?"

"எதுமேலயோ ஏறி நிக்கிறா மாமா. கடிகாரத்தைப் பாருங்க. தலை ஆறு மணியில முட்டுது. எந்த ஆபீஸ்ல கடிகாரத்தை இவ தலைக்கு நேரா மாட்டுவாங்க?"

போனை வாங்கிப் பார்த்தேன்.

கடிகாரத்தின் அடி விளிம்பு அவள் தலைமுடியில் மறைந்திருந்தது. அந்தப் படத்தை நான் நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். மட்டம் பார்க்கிறவன் ஒருமுறைகூட மட்டம் பார்க்கவில்லை.

"மாமா? என்னாச்சு?"

"அந்தப் பேன்ட்டை வைக்காத. இப்படிக் குடு."

மேசை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து வந்தேன். பேன்ட்டைக் கட்டிலில் நீட்டிப் போட்டு, இடுப்புப் பட்டியிலிருந்து கால் விளிம்புவரை பிடித்தேன். எண்பத்தொன்று. குதிகாலுக்கு ஒன்று. எண்பத்திரண்டு.

"என்ன பண்றீங்க?"

"அளக்கறேன்."

"எதுக்கு?"

"வேலை."

அவள் பையின் வாயைக் கட்டினாள். அந்தப் பேன்ட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டடத்துக்குப் போனேன். மேலேகீழே லிஃப்ட்டில் சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஆவண அறையில ஒரு கடிகாரம் இருந்துச்சே. எங்க இப்போ?"

அவர் மூட்டையை இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "நான்தான் எடுத்து வச்சிருக்கேன் சார். குப்பையில போட்டாங்க. நல்லா ஓடுது."

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அவருடைய சின்ன அறையில் அது மாட்டியிருந்தது. கழற்றி அளந்தேன். குறுக்களவு முப்பது. பின்னால் ஆணி மாட்டும் துளை மேல் விளிம்பிலிருந்து மூன்று. துளையிலிருந்து அடிவரை இருபத்தேழு.

இருவரும் கீழே இறங்கினோம். வெறும் அறை. பெயின்ட் வாசனை. ஆணி அங்கேயே இருந்தது. அதன்மேலும் பெயின்ட் அடித்திருந்தார்கள். தரையிலிருந்து ஆணிக்கு இருநூற்றுப் பத்தொன்பது. அதில் இருபத்தேழைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அது அவள் தலை. அவள் உயரம் நூற்று நாற்பத்தேழு. மிச்சம் நாற்பத்தைந்து.

"எதுமேல நின்னாங்க?" என்று கேட்டேன்.

மேலேகீழே மூலைக்குப் போனார். உடைந்த சாமான் குவியலிலிருந்து ஓர் இரும்பு நாற்காலியை இழுத்து வந்து என் முன்னால் வைத்தார். அளந்தேன். இருக்கை நாற்பத்தைந்து.

எண்பத்திரண்டு, நாற்பத்தைந்து. நூற்று இருபத்தேழு.

"இடுப்பளவுன்னு ஏன் சொன்னீங்க?"

"மேடம் சொல்லச் சொன்னாங்க சார். சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. 'எங்க வீட்டுக்காரரு கேட்டா இடுப்பளவுன்னு மட்டும் சொல்லுங்க மேலேகீழே, வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது'ன்னாங்க." அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னிக்கு வந்து கேட்டப்போ எனக்கு வேற எதுவும் வரல சார்."

"என்ன நடந்துச்சு?"

"பதினொரு மணிக்குக் கரண்ட் போச்சு. லிஃப்ட் நின்னுடுச்சு. கோப்பை மேல கொண்டுபோக முடியல. 'மேல் தட்டுல அடுக்கிடலாம்'னு மேடம் நாற்காலி மேல ஏறிட்டாங்க. நான் கீழருந்து எடுத்துத் தர, அவங்க அடுக்க. தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. எனக்கே நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. 'போதும் மேடம் வாங்க'ன்னேன். 'இருங்க, ஒரு போட்டோ எடுங்க, அவரு செய்தி பார்த்துட்டுப் பயந்துட்டு இருப்பாரு'ன்னு போனைத் தூக்கிக் குடுத்தாங்க. நான் மூணாவது படியில நின்னு எடுத்தேன். 'நாற்காலி தெரியக் கூடாது, இடுப்புக்கு மேலதான் வரணும்'னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"இறங்கினாங்க சார்." அவர் தன் தாடையைத் தொட்டார். "இது வரைக்கும். தலைய அண்ணாந்துக்கிட்டே நடந்தாங்க. நான் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். படிக்கிட்ட வரும்போது ஒரு தடவை முங்கிட்டாங்க. தூக்கிட்டேன். வாயில போன தண்ணியத் துப்பிட்டுச் சிரிக்கிறாங்க சார். 'குட்டைக்குள்ள குட்டை விழுந்துடுச்சு'ங்கறாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகிவிட்டது. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் நோட்டில் எழுதினேன். மழை எப்போது நின்றது என்று கேட்டேன். விதிப்படி கேட்க வேண்டும்.

"பன்னெண்டுக்கே நின்னுடுச்சு சார். அதுக்கப்புறம் தண்ணி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் தெருவும் உள்ளயும் ஒரே மட்டம்."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது மேலேகீழேயின் காக்கிச் சட்டையைப் போட்டிருந்தாள். முழங்கால்வரை தொங்கியது. வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். தலை ஈரமாக இருந்தது. மழையில் நனைந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மழை பன்னிரண்டுக்கே நின்றிருந்தது.

"அந்தக் கோப்பெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்துகூட நனையல சார். கம்பெனி மூடினப்போ பழைய பேப்பர் லாரியில போட்டாங்க."

செவ்வாய்க்கிழமை முகப்புக் கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கல்லூரிச் செயலாளர் வெள்ளைச் சட்டைக்காரர், அறுபது வயதிருக்கும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார். நான் புதிய எண்ணைச் சொன்னேன். ஆர்க்கிடெக்ட் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"நூத்திருவத்தேழா? பலகைக்கு மேல பதினேழு சென்டிமீட்டர் போகுதே சார்."

"ஆமா மேடம்."

"பலகைய உசத்துங்களேன்" என்றார் செயலாளர்.

"உசத்தலாம் சார்" என்றார் ஆர்க்கிடெக்ட். "ஆனா அதைத் தாண்டி ஒரு தடவை உள்ள வந்துட்டா நிமிஷத்துல நிறைஞ்சுடும். கதவு வெளிப்பக்கமாத் திறக்குது. வெளிய தண்ணி நின்னா உள்ள இருக்கறவங்களால தள்ள முடியாது."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, போன வாரம் இடுப்பளவுன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான். ஆளைச் சுவரோரம் நிக்க வச்சு அளக்கணும்கறது எங்க விதி. அளக்காம தப்பா எழுதினேன்."

"விளம்பரம் குடுத்தாச்சு. படிப்பகத்தோட படம் போட்டு, 'தரைக்குக் கீழே ஓர் அமைதி'ன்னு. ஊர் பூரா ஒட்டியாச்சு."

"அமைதி நிஜமாவே வந்துடும் சார்" என்றார் ஆர்க்கிடெக்ட், நிமிராமல்.

செயலாளர் அதை ரசிக்கவில்லை. என் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு போட்டோ. இதை வச்சு நூத்திருவத்தேழுன்னு சொல்லிடுவீங்களா? யார் இந்தப் பொண்ணு?"

"இங்க வேலை பார்த்தவங்க."

"அப்போ கூட்டிட்டு வாங்க. சுவரோரம் நிக்க வச்சு அளந்துடலாம். அதானே உங்க விதி? நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார். விதி அதுதான்."

"கூட்டிட்டு வாங்க."

லிஃப்ட் கதவருகே மேலேகீழே நின்றிருந்தார். அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"முடியாது சார்" என்றேன். "அவங்க இல்ல. தண்ணி வந்து பன்னெண்டாம் நாள் இறந்துட்டாங்க. அவங்க உயரம் எனக்குத் தெரியும். என் மனைவி."

ஆர்க்கிடெக்டின் பென்சில் நின்றது. செயலாளர் போனை மேசையில் வைத்தார். பிறகு அதை எடுத்து, திரை மேலே இருக்கும்படி திருப்பி, மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். பேனாவை மூடினார்.

"மூணாவது மாடியில இடம் இருக்கா?" என்று ஆர்க்கிடெக்டிடம் கேட்டார்.

"இருக்கு சார். ஆனா நூத்தி நாப்பது நாற்காலிதான் வரும்."

"வரட்டும்."

அவர் எழுந்து போன பிறகு படிவத்தை நிரப்பினேன். நீர்மட்டம், கீழ்த்தளத் தரையிலிருந்து: 127. பிழை: ஐந்து கூடலாம், குறையலாம். சாட்சி ஒன்று: லிஃப்ட் இயக்குபவர். மேலேகீழே கையெழுத்துப் போட்டார். சாட்சி இரண்டு, உயரம்: 147. சாட்சியின் கையெழுத்து என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அங்கே எதுவும் எழுதாமல் விட்டால் படிவம் திரும்பி வரும். வரட்டும்.

நீர்மட்டத்தைச் சுவரில் குறிக்க வேண்டும். அதுவும் விதி. கீழே போய், மேலேகீழே டேப்பின் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடிக்க, நூற்று இருபத்தேழில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு மார்பளவு. அந்த ஆணிக்கு நேர் கீழே, அவள் நின்றிருந்தால் தாடை வரும் இடத்தில், பெயின்ட் கொஞ்சம் ஒழுகியது. துடைத்தேன்.

அப்போது போன் அடித்தது. மைத்துனியிடமிருந்து செய்தி. துணிகளைக் கொடுத்துவிட்டாளாம். ஒரு பேன்ட் பாக்கெட்டில் ஹேர்பின் இருந்ததாம், அதைத் தானே வைத்துக்கொண்டாளாம். இன்னொரு செய்தி வந்தது.

'அந்த போட்டோவ இன்னும் அனுப்பலையே மாமா. அம்மாவும் பார்க்கணும்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமைலருந்து ஒண்ணு மனசுல ஓடுது. அக்கா எதுமேல ஏறி நின்னா? அப்போ நிஜமா தண்ணி எவ்வளவு இருந்துச்சு?'

மேலேகீழே பெயின்ட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நான் சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தேன். படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். அதற்குக் கீழே அடித்தேன்.

'ஒரு செங்கல் மேலதான் நின்னா. இடுப்பளவு தண்ணி. அம்மாவை பயப்பட வேணாம்னு சொல்லு.'